நாலெழுத்துப் பண்டம்

இந்த வாரம் ஒரு பேக்கரி வாசலில் எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சர்க்கரையில் புரட்டிய உருண்டைகள். பக்கத்தில் ஓர் அட்டை: ‘ஹவாய் டோனட், புது வரவு’. குழிப்பணியாரத்தை ‘ரைஸ் பால்ஸ்’ என்று அச்சடித்த மெனு கார்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்த ஆற்றாமை புரியும்.

அதன் பெயர் மாலசாதா. முட்டையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்து, பொங்கவிட்ட மாவைப் பிய்த்து எண்ணெயில் போடுவார்கள். சூடு ஆறுவதற்குள் சர்க்கரையில் புரட்டுவார்கள். நடுவில் ஓட்டை கிடையாது. போர்ச்சுகலின் மதீரா, அசோர்ஸ் தீவுகளில் தவக்காலம் பிறப்பதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, வீட்டில் இருக்கிற கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்த்துவிடச் சுட்ட பண்டம் இது. 1878 முதல் அந்தத் தீவுக்காரர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். பண்டமும் கூடவே போனது. இன்றைக்கும் ஹவாயில் அந்தச் செவ்வாய்க்கு ‘மாலசாதா நாள்’ என்றுதான் பெயர்.

கப்பல் என்றாலே எனக்கு ‘ரேவன்ஸ்கிராக்’தான் நினைவுக்கு வரும். மதீராவில் கிளம்பி நான்கு மாதம் கடலில் கிடந்து, 1879 ஆகஸ்ட் 23 அன்று 400-க்கும் மேற்பட்டவர்களோடு ஹொனலுலு வந்து சேர்ந்தது. மானுவேல் நூனிஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்கள் அதில் வந்தார்கள். அவர்கள் ஊர் வாத்தியம் மஷேட். கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்து வாசிக்கிற, நாலு தந்தி உள்ள சின்ன வாத்தியம். இறங்கி இரண்டு வாரம் ஆகவில்லை, இந்தத் தீவுக்காரர்கள் இரவுதோறும் தெருவில் கச்சேரி நடத்துவதாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. கரும்புத் தோட்டத்துக்கென்று வந்த மூவரும் பிறகு ஹொனலுலுவில் பட்டறை போட்டு, ஹவாயின் கோவா மரத்தில் அந்த வாத்தியத்தைச் செய்தார்கள். மன்னர் கலாகவாவே அதன் ரசிகர் ஆனார். அதுதான் உகுலேலே. துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று பொருள். தந்தி மேல் விரல் தாவுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள்.

இங்கே பெயர் மாறியது எனக்கு வலிக்கவில்லை. தங்கள் மரத்தில் செய்து, தங்கள் பாட்டுக்கு வாசித்து, ஹவாய்க்காரர்கள் அதற்குத் தங்கள் மொழியில் பெயரிட்டார்கள். தத்தெடுத்த பிள்ளைக்கு வைத்த செல்லப்பெயர் அது. அதே ஜனங்கள் மாலசாதாவை மாலசாதா என்றே கூப்பிடுகிறார்கள். பேக்கரி அட்டையை எழுதியவரோ, பிள்ளை யாருடையது என்று விசாரிக்கவே இல்லை.

சாவி, அலமாரி, ஜன்னல் என்று போர்ச்சுகீசியச் சொற்களை வீடு முழுக்கப் புழங்குகிறோம். இன்னொரு சொல், அதுவும் நாலே எழுத்து, நம் நாக்குக்குப் பாரமா? நாளைக்கே போய் அந்தக் கடைக்காரரிடம் கேட்கப்போகிறேன்.