என் பேத்தி இன்னும் அந்தக் கம்பெனியில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்

பெரிய மார்க்கெட் பற்றிய கட்டுரையின் மிச்சத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்த வாரம் மனசு வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டு விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பையன் கைப்பேசியை நீட்டிக்கொண்டே வந்தான். பொறியியல் முடித்து ஒரு வருடமாக வேலை தேடுகிறவன். அவனுடைய அப்பா ரோடியர் மில்லில் இருந்தவர்.

"தாத்தா, சென்னையில அக்கா இருக்குற கம்பெனியில ஆள் எடுக்குறாங்க. அக்காவே பேசியிருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். என் பேத்திதான். கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை, பின்னால் ஒரு செடித்தொட்டி, அடியில் மெல்லிசாக ஒரு சங்கீதம். "இது எனக்கு ஆபீஸ் இல்ல, இன்னொரு குடும்பம்" என்று சிரிக்கிறாள். முடிவில் "நீங்களும் வாங்க" என்று கையை நீட்டுகிறாள். ஒன்றரை நிமிடம். கீழே விண்ணப்பம் போட ஒரு பொத்தான்.

பையன் தொடர்ந்தான். "சேதராப்பட்டுல ஒரு ஃபேக்டரியில திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க தாத்தா. அத விட்டுட்டு இதுக்கு முயற்சி பண்ணலாம்னு இருக்கேன். அக்காவே சொல்றாங்களே."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன. ஏனென்றால் என் பேத்தி அந்தக் கம்பெனியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. விட்டாள் என்பதுகூடச் சரியில்லை. எடுத்துச் செய்துகொண்டிருந்த வேலை முடிந்தது. ஒரு நாள் கூப்பிட்டு, "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் உனக்கும் நல்லது" என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். "இன்னொரு குடும்பம்" அவளை அனுப்ப எடுத்துக்கொண்ட நேரம் இருபது நிமிடம். வீடியோ மட்டும் அங்கேயே வேலை பார்க்கிறது, சம்பளம் இல்லாமல்.

அன்று ராத்திரி அவளிடம் பேசினேன். எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன். ஒரு நாள் மதியம் ஹெச்.ஆர். பெண் வந்து, "நீ நல்லாப் பேசுவ" என்று மாடிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். கையில் ஒரு தாள், அதில் ஐந்து வரி. "கத்துக்கிறதுக்கு நல்ல இடம்னு சொல்றேனே, அது உண்மை" என்று இவள் கேட்டிருக்கிறாள். அதையும் சொல், ஆனால் குடும்பம் என்ற வார்த்தை கட்டாயம் வர வேண்டும் என்றார்களாம். ஒன்பது தடவை எடுத்தார்கள். முந்தின ராத்திரி இரண்டு மணி வரை வேலை. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்துக்குப் பவுடர் பூசினார்கள்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, கண்ணு?"

"தாத்தா, அடுத்த மாசம் அப்ரைசல்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தப் பதிலை விளக்கத் தேவையில்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு கோட்பாடே இருக்கிறது. சோப்புக்கும் பற்பசைக்கும் பெயர் வளர்ப்பது போல, வேலை கொடுக்கும் இடம் என்ற முறையிலும் ஒரு கம்பெனி தன் பெயரை வளர்க்க வேண்டும் என்று 1996-இல் டிம் ஆம்ப்ளர், சைமன் பாரோ என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்து இன்று பெரிய தொழிலாகிவிட்டது. அவர்கள் சொல்லும் காரணம் எளிது. முதலாளி தன்னைப் பற்றித் தானே சொன்னால் யாரும் நம்புவதில்லை. அங்கே வேலை செய்கிறவர் சொன்னால் நம்புவார்கள். நடிகருக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம்.

அந்தக் கணக்கு சரியான கணக்குதான். அதில்தான் என் சண்டையே இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் நம்பியது கம்பெனியை இல்லை. சின்ன வயசில் தனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அக்காவை நம்பினான். அந்த நம்பிக்கை இந்தத் தெருவில் இருபது வருடமாகச் சேர்ந்த சொத்து. அதைக் கம்பெனி ஒரு மதியத்தில், ஒரு நீலச் சட்டைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் ஒரு சமாச்சாரம் ஞாபகம் வருகிறது. 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் கிராண்ட் கஃபே என்ற இடத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டினார்கள். அன்று காட்டிய படங்களில் ஒன்று, லியோன் நகரத்தில் இருந்த அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையின் ஆட்கள் வேலை முடிந்து வெளியே வருவது. புகைப்படத் தகடு செய்கிற ஆலை அது. முதலாளியே தன் ஆட்களைப் படம் பிடித்தது சினிமா பிறந்த வருடத்திலேயே தொடங்கிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஓடாத படம். அதையும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை எடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பெண்களும் ஆண்களும் கதவைத் தாண்டித் தங்கள் வீட்டைப் பார்க்க நடக்கிறார்கள். யாரும் நின்று முதலாளியைப் புகழவில்லை. ஊமைப் படமாகப் போனது அவர்கள் அதிர்ஷ்டம். இன்றைக்கு எடுக்கிற படத்தில் ஆள் வெளியே போன பிறகும் உள்ளேயே நிற்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார்.

இன்னொன்று. ஓய்வுபெற்ற பிறகு நம் ஊர் சொல்தா வீட்டுப் பெரியவர்களுக்கும் விதவைகளுக்கும் பிரெஞ்சு பென்ஷன் காகிதங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதில் அடிக்கடி வருவது அத்தெஸ்தாசியோன், அதாவது ஒருவர் கைப்பட எழுதிக் கொடுக்கும் சாட்சிக் கடிதம். அதற்கு ஒரு விதி உண்டு. பிரெஞ்சு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு அது. சாட்சி எழுதுகிறவர் யாருக்காக எழுதுகிறாரோ அவருக்குச் சொந்தக்காரரா, அவருக்குக் கீழே வேலை செய்கிறவரா, அவரோடு கூட்டு உண்டா என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுத வேண்டும். கீழே வேலை செய்கிறவன் வாயில் வரும் சாட்சியை நீதிபதி அதற்கேற்ற தராசில் நிறுக்க வேண்டாமா? அதற்காகத்தான். பிரெஞ்சுக் கம்பெனிகளும் இந்த மாதிரி வீடியோ எடுக்கின்றன. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தெமுவான்யாழ். சாட்சியம் என்று அர்த்தம். கோர்ட்டில் சந்தேகத்தோடு பார்க்கும் சாட்சியைக் கடைவீதியில் தங்கம் என்று விற்கிறார்கள்.

நான் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. எழுபதுகளின் கடைசியில், வேலைக்குச் சேர்ந்த புதுசில், எங்கள் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு குழு ஆய்வுக்கு வந்தது. முந்தின நாளே அதிகாரி எங்களை வரிசையாக நிற்க வைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். குழுவில் ஒருவர் என்னைப் பார்த்து, "இங்கே யாருக்காவது சம்பள பாக்கி இருக்கிறதா?" என்றார். "ஒன்றும் இல்லை, சார்" என்றேன். எனக்குப் பின்னால் தண்ணீர்க் குவளையோடு ஒரு தினக்கூலிப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மூன்று மாதக் கூலி பாக்கி. அந்தப் பட்டியலை எழுதி வைத்திருந்தவனே நான்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என் வயது இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, அந்தத் தண்ணீர் இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆனால் என் பொய் அந்த அறையோடு போயிற்று. யாரும் அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க ஓட்டவில்லை. அந்த வசதி என் பேத்திக்கு இல்லை.

எங்கள் காலத்து வேலை அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். பேப்பரில் பொடி எழுத்தில் வரும். எத்தனை காலியிடம், என்ன சம்பள விகிதம், வயது வரம்பு, தகுதி, எத்தனை வருடம் தகுதிகாண் பருவம். படிக்கத் தூக்கம் வரும். ஆனால் படித்து முடித்தவனுக்குத் தான் எதில் காலை வைக்கிறோம் என்று தெரியும். தனியாரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1959-இல் சட்டம் வந்தது. 25 பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் இடங்கள், காலியிடங்களைச் சம்பளம் முதலிய விவரங்களோடு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. எத்தனை பேர் ஒழுங்காகச் செய்தார்கள் என்பது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஓர் உத்தரவு போட்டது. வேலைக்கு மனுப் போடுகிறவருக்கு ஆரம்பச் சம்பளம் எவ்வளவு, அல்லது எதிலிருந்து எதுவரை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது அது.

என் பேத்தியின் வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். சம்பளம் இல்லை. முதல் ஆறு மாதம் பயிற்சி என்று பாதிச் சம்பளம்தான் என்பது இல்லை. இரண்டு வருடம் விலகமாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இல்லை. ஆனால் ஊஞ்சல் இருக்கிறது, பிறந்தநாள் கேக் இருக்கிறது, செடித்தொட்டி இருக்கிறது.

"யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பப்பட்டவர்கள்தான் பேசினார்கள்" என்பார்கள். 2023-இல் வந்த நம் நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்றால் அது சுதந்திரமாக, நிபந்தனையில்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. அடுத்த மாதச் சம்பள உயர்வைக் கையில் வைத்திருப்பவர் கேட்கும்போது எது சுதந்திரம், எது நிபந்தனை? உங்கள் மேலதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் "விருப்பப்பட்டு" எழுதிய மொய்யை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடியோக்களால் நல்லதே இல்லையா என்றால், உண்டு. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஓர் அலுவலகம் உள்ளே எப்படி இருக்கும் என்றே தெரியாது. அங்கே ஒரு நாள் வேலை எப்படிப் போகிறது, ராத்திரி வீட்டுக்கு வண்டி உண்டா, சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏறச் சரிவுப் பாதை இருக்கிறதா என்று காட்டினால் கும்பிட்டு வரவேற்பேன். வேலையைப் படம் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி சொல்ல வைத்துப் படம் பிடிக்காதீர்கள்.

நான் கேட்பது நான்கே நான்கு. வீடியோவில் ஆளைக் காட்டினால் அந்த வேலையின் சம்பளத்தையும் காட்டுங்கள். வார்த்தையை எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது பிடிக்கவில்லை என்றால் வீடியோவே போடாதீர்கள். விளம்பரத்தில் நடிப்பதும் ஒரு வேலை, அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். ஆள் வெளியே போன அன்றே வீடியோவையும் இறக்குங்கள். இதைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவு ஆகாது. செய்ய மனமில்லை என்றால், அந்தக் "குடும்பம்" எப்படிப்பட்டது என்று பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள்.

கடலூர் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு 1936 ஜூலை 30 ஞாபகம் இருக்கும். எட்டு மணி நேர வேலைக்காகவும் சங்கத்துக்காகவும் வாயைத் திறந்த மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். தொழிலாளியின் குரல் என்பது இந்த ஊரில் அந்த விலை கொடுத்து வாங்கிய பொருள். முதலாளி எழுதிக் கொடுத்த ஐந்து வரியைப் படிப்பதற்கா அது?

பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேத்தியும் அவனோடு பேசினாள். எந்த வேலை என்று நான் சொல்லவில்லை. அவன் வாழ்க்கை, அவன் முடிவு. திங்கட்கிழமை காலை சேதராப்பட்டு பஸ்ஸுக்குப் போனான்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் பேத்தி கம்பெனிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறாள். வரைவு எழுதிக் கொடுத்தது நான். குமாஸ்தா புத்தி, நாள், பொருள், பார்வை எல்லாம் போட்டேன். இன்றோடு ஒன்பது நாள். பதில் இல்லை. இதை எழுதி முடித்துவிட்டு இப்போதுதான் பார்த்தேன். அவள் இன்னும் "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இப்படி ஏதாவது ஒரு கம்பெனிக்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களா என்று இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள். பெரிய மார்க்கெட் அடுத்த வாரம்.