எத்தனை மேட்ச் ஆடியிருக்கார்?

எந்த விளையாட்டுக்குக் கோச் போட்டாலும் டீக்கடையில் முதலில் கிளம்புகிற கேள்வி இதுதான். ‘ஆடாதவர் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பார்?’ டீக்கடை கேட்டால் பரவாயில்லை. வேலை போட்டுக் கொடுக்கிற நாற்காலிகளும் இதையே கேட்பதுதான் வயிற்றெரிச்சல்.

ரமாகாந்த் அச்ரேக்கர் ஆடிய முதல்தர மேட்ச் ஒன்றே ஒன்று. அவரிடம் கற்றவர் சச்சின். கிரெக் சாப்பல் டெஸ்ட்டில் 24 சதம் அடித்தவர். அவர் கோச்சாக இருந்தபோது, 2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றோடு மூட்டை கட்டியது.

‘அப்போ கோபிசந்த்?’ என்று மடக்குவீர்கள். வாஸ்தவம். 2001-ல் ஆல் இங்கிலாந்து சாம்பியன். அவரிடம் பயின்ற சிந்து 2016 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். ஆனால், சாம்பியன் ஆனவர்கள் எல்லாரும் கோபிசந்த் ஆகிவிட்டார்களா என்ன? தான் அடிப்பது ஒரு வித்தை. அடுத்தவர் ஏன் அடிக்க முடியாமல் திணறுகிறார் என்று கண்டுபிடிப்பது வேறு வித்தை.

நம்ம புதுக்கோட்டைக்கே வருவோம். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர். 2 நிமிஷம் 3.16 விநாடியில் வெள்ளி. பிறகு பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள்.

பதக்கம்தான் கோச்சுக்குத் தகுதி என்றால், பதக்கம் போன அன்றைக்கே சாந்திக்குத் தெரிந்த ஓட்டமும் போயிருக்கணும். முதல் 400-ஐ எந்த வேகத்தில் ஓடணும், கடைசி 200-க்கு மூச்சை எவ்வளவு மிச்சம் பிடிக்கணும் என்கிற கணக்கை எந்தக் கமிட்டியால் ஜப்தி செய்ய முடியும்? பதக்கம் இல்லாமலேயே அவர் புதுக்கோட்டையில் பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டம் பழக்கினார்.

நாம் என்ன செய்தோம்? 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். 2013-ல் பெங்களூரு போய்ப் பயிற்சியாளர் டிப்ளமோ படித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது 2016-ல். தோஹாவிலிருந்து பத்து வருஷம்! அந்தப் பத்து வருஷத்தில் நஷ்டம் அவருக்கு மட்டுமா? அவரிடம் ஓடிப் பழகியிருக்க வேண்டிய எத்தனை பிள்ளைகள் வயது கடந்து போனார்கள்?

பி.காம். படித்தவன் புத்தி, கணக்கில்தான் போய் நிற்கும். பதக்கம் போன வருஷத்து வரவு. கோச் வருகிற வருஷத்து முதலீடு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் பேரேடு இடிக்கும்.

ஆகவே, ஆள் எடுக்கும்போது ‘நீ என்ன ஜெயித்தாய்?’ என்பதை இரண்டாவது கேள்வியாக வையுங்கள். ‘உன்னிடம் வந்த பிள்ளைகள் எத்தனை விநாடி குறைத்தார்கள்?’ என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

சாம்பியன் வருவார், கைகுலுக்குவார், போட்டோவுக்கு நிற்பார், போய்விடுவார். மறுநாள் விடிகாலையில் கிராமத்து மைதானத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கப்போவது யார்? அந்த ஆளுக்கு முதலில் சம்பளம் போடுங்கள் சாமி!