தாத்தாவின் விசிறி

நமது வகுப்பு மாணாக்கன் ஒருவன் சென்ற மாதம் நம்மை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குச் சமீபத்தில் உள்ள பழைய வீடு. கூடத்தில், சுவாமி படங்களுக்கும் மேலே, ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான நீளமுள்ள மர விசிறி ஒன்று படுக்கை வாட்டத்தில் மாட்டியிருந்தது. ஆகாய விமானத்தின் மூக்கில் சுழலுமே, அந்த விசிறிதான்.

பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு அதைக் கொண்டு வர வேண்டுமென்பது பையனுடைய ஆசை. அட்டை கூட எழுதி வைத்துவிட்டான்: "1910-ல் டிஏஞ்சலிஸ் துரை சென்னையில் பறக்கவிட்ட முதல் விமானத்தின் விசிறி!"

டிஏஞ்சலிஸ் கதை பொய்யன்று. மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய அந்த மனிதர் சிம்ஸன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் செய்வித்து, அவ்வாண்டில் பறந்தே காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து அப்போது ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. அப்பேர்ப்பட்ட பொருள் ஒரு கூடத்துச் சுவரில் தொங்குகிறதென்றால் யாருக்குத்தான் மெய் சிலிர்க்காது? ஆயினும் வாத்தியார் புத்தி நம்மை விடவில்லை. ஏணி கொண்டுவரச் சொன்னோம்.

பையன் உப்புத்தாளும் வார்னிஷும் வாங்கித் தயாராக வைத்திருந்தான். நல்ல வேளை, தேய்க்கத் தொடங்கவில்லை. இத்தகைய விசிறியின் ஜாதகம் அதன் நடுக்குடத்திலேதான் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த எஞ்சினுக்கு உரியது, விட்டம் எவ்வளவு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பவையெல்லாம் அங்கே உண்டு. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதை இழைத்துவிட்டால், பிறகு அது வெறும் கட்டைதான்.

மரத்தை மட்டும் பார்த்து வயசு சொல்ல முயல்வது வீண். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டிச் செதுக்கும் வழக்கம் வெகுகாலம் நீடித்தது. மழைத்துளியும் மணலும் மரத்தை அரிக்காதபடி முன் விளிம்பில் பித்தளைத் தகடு அடித்திருந்தார்கள். குடத்தின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்ஸிலால் மிருதுவாகத் தேய்த்தோம். எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன: 'ஜிப்ஸி மேஜர்'.

நமக்கே சற்று வருத்தமாயிருந்தது. அது 1930-களில் டி ஹாவிலண்ட் கம்பெனியார் செய்த, சுமார் 130 குதிரைச் சக்தியுள்ள எஞ்சின். 'டைகர் மாத்' என்னும் பயிற்சி விமானத்தை ஓட்டியது அதுவே. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான விமானிகள் அதில்தான் பறக்கக் கற்றார்கள். யுத்தம் முடிந்த பிறகும் நம் நாட்டில் பயிற்சிக்கு அது வெகுகாலம் உழைத்தது. 1910-க்கும் இதற்கும் ஸம்பந்தமே இல்லை.

"அப்படியானால் தாத்தா பொய்யா சொன்னார், ஸார்?" என்றான் பையன். குரல் தழுதழுத்தது. அவன் தகப்பனாரோ, "அட்டை இருந்துவிட்டுப் போகட்டுமே, ஸார், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார். இந்தக் கேள்விக்கு உடனே கோபம் வந்தது. ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில் எப்படிக் கோபிப்பது?

பாட்டிதான் உள்ளிருந்து வந்து நம்மைக் காப்பாற்றினாள். "அவர் எங்கே அப்படிச் சொன்னார்? மீனம்பாக்கத்தில் விமானம் ரிப்பேர் பண்ணுகிற உத்தியோகம். கழித்துப் போட்ட விசிறி என்றுதான் கொண்டுவந்தார். துரை கதையெல்லாம் பின்னால் இந்தப் பிள்ளைகள் சேர்த்தது. அவருக்கு இருந்த பிடிவாதம் ஒன்றே ஒன்று. இதை நட்டுக்குத்தலாக நிறுத்தக் கூடாது. வெள்ளையடிக்கிறவன் ஒரு தடவை மூலையில் சாத்திவிட்டான் என்று அன்று சாப்பிடவே இல்லை!"

கேட்டதும் நமக்கு விஷயம் விளங்கிவிட்டது. மர விசிறியை நிமிர்த்தி வைத்தால் மரத்திலுள்ள ஈரம் மெள்ளக் கீழ்ப் பாதிக்கு இறங்கும். ஒரு பக்கம் கனத்துவிடும். பிறகு சுழலும்போது எஞ்சினே உதறும். ஆகையால் படுக்கை வாட்டத்தில் வைப்பதே தொழில் தெரிந்தவர் முறை. இனி ஒருநாளும் பறக்கப் போகாத விசிறிக்கும் அந்த மனிதர் அந்த மரியாதையைச் செய்திருக்கிறார்!

பையன் பழைய அட்டையைக் கிழித்தான். புதிய அட்டையில் முதல் வரி விமானத்தின் பெயரன்று. தாத்தாவின் பெயரும் உத்தியோகமும். பொருட்காட்சியன்று பாட்டி வந்திருந்தாள். அட்டையை அவள் பார்க்கவில்லை. விசிறி இரண்டு பெஞ்சுகளின்மேல் ஒழுங்காகப் படுத்திருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, நம்மிடம் தலையை அசைத்துப் போய்ச் சேர்ந்தாள்.