பிரெஞ்சுப் படிப்பும் பீரோவில் இருந்த பத்திரமும்

ஓய்வு பெற்ற பிறகு புதிதாக எதையாவது படிக்க உட்காருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. சிலருக்கு சமஸ்கிருதம், சிலருக்கு வீணை, சிலருக்கு ஜோதிடம். புதுச்சேரிக்காரர்களுக்கு பிரெஞ்சு. ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடும். பிறகு புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால், "வயசாயிடுச்சு சார், மண்டையில ஏறல" என்ற பதில் தயாராக இருக்கும்.

இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வயதானால் ஞாபகம் மந்தமாகும், உண்மைதான். ஆனால் படிப்பு நின்றுபோவதற்கு அது முக்கியக் காரணம் அல்ல. நம் கையில் இருக்கும் பாடப்புத்தகம் நமக்காக எழுதப்பட்டதல்ல. அதுதான் காரணம் என்பது என் கட்சி.

என் கதையையே சொல்கிறேன். அறுபத்தொன்றாவது வயதில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கொண்டாட்டம்தான். நமக்கு ஆங்கிலம் தெரிந்திருப்பது பெரிய உதவி. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்ததன் பயனாக ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டன. கோர்ட், ஜட்ஜ், பார்லிமெண்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். முப்பது வருடம் ஆபீஸ் ஃபைல் பார்த்தவனுக்குப் பாதிப் பக்கம் பார்த்த முகமாகத் தெரிகிறது. தினமும் ஏதோ ஒன்று புரிந்தது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது தெருப் பலகைகளில் உள்ள 'ரூ' எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

இரண்டாம் வருடம் வண்டி நின்றுவிட்டது. முதலில் பால் வேற்றுமை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். 'லு லீவ்ர்' என்றால் புத்தகம், 'லா லீவ்ர்' என்றால் எடைக்கணக்கில் ஒரு பவுண்டு! நமக்கு உயிரில்லாதது எல்லாம் அஃறிணை, விஷயம் தீர்ந்தது. அடுத்தது எண்கள். எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது, 'சுவாசாந்த் தீஸ்', அதாவது அறுபதும் பத்தும். எண்பது என்பது நான்கு இருபது. தொண்ணூற்றொன்பது சொல்ல வேண்டுமானால் நான்கு இருபதோடு பத்தொன்பதைச் சேர்க்க வேண்டும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ஒழுங்காகத் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள், பிரான்சில் இல்லை. (நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒன்பது பத்துகளைச் சொல்லத் தொண்ணூறு என்று நூறைத்தானே இழுக்கிறோம்!)

இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் வந்துவிடும். என்னைச் சோர வைத்தது பாடங்களின் விஷயம். பாரிசில் மெட்ரோ டிக்கெட் எடுப்பது எப்படி? வாடகைக்கு அறை தேடுவது எப்படி? வேலைக்கு நேர்காணலில் பேசுவது எப்படி? பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது வேண்டும், அவர்கள் மேல்படிப்புக்குப் போகிறவர்கள். முழங்கால் வலியோடு இருக்கும் நான் எந்த வேலைக்கு நேர்காணல் போகப்போகிறேன்? "மூளைக்கு நல்லது சார், படிங்க" என்றார்கள். மருந்து மாதிரி விழுங்குகிற படிப்பு எத்தனை நாள் ஓடும்? ஏழு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை.

மறுபடி தொடங்கியதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் எண்பது வயதுப் பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "உங்க வீட்டுப் பழைய பத்திரமெல்லாம் பிரெஞ்சுலதானே இருக்கும் தம்பி? அதைக் கொண்டாங்க, படிப்போம்" என்றார்.

புதுச்சேரியில் பழைய வீடு உள்ளவர்களுக்கு இது புரியும். இங்கே ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1-இல். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அதுவரை பத்திரம், பிறப்புப் பதிவு, கோர்ட் தீர்ப்பு எல்லாவற்றிலும் பிரெஞ்சு. பல வீட்டு பீரோக்களில் இன்னும் துணியில் சுற்றிய பிரெஞ்சுக் காகிதங்கள் இருக்கின்றன. பூஜை அன்றைக்குப் பொட்டு வைப்போம், படிக்க மாட்டோம்.

எங்கள் வீட்டில் இருந்தது நொத்தேர் எழுதிய கிரயப் பத்திரத்தின் நகல். கையெழுத்துப் பிரதி, மை பழுப்பேறிவிட்டது. முதல் நாள் நாலு வரிதான் நகர்ந்தது. அந்தக் காலத்து நொத்தேர்கள் வருடத்தை எண்ணால் எழுதுவதில்லை, எழுத்தால் எழுதுவார்கள். 'மில் உய் சான் கத்ர் வேன் தீஸ் செத்' என்று இருந்தது. ஆயிரத்து எண்ணூறு, நான்கு இருபது, பதினேழு. 1897! என்னை ஓட வைத்த அதே கணக்குதான் இப்போது கதவைத் திறந்தது. ஒரு வருடத்தைப் படித்ததற்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு தினம் நாலு வரி. கிழக்கே யார் வீடு, வடக்கே எந்தத் தெரு என்று நம்முடைய செக்குபந்தி போலவே நான்கு எல்லையும் இருந்தது. வாங்கியவர் பெயர் வந்த இடத்தில் பெரியவர் நிறுத்தி, இரண்டு முறை படிக்கச் சொன்னார். இந்த வீட்டை என் கொள்ளுத்தாத்தா வாங்கினார் என்றுதான் எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். பத்திரத்தில் இருந்தது என் கொள்ளுப்பாட்டி பெயர். பெயருக்குப் பக்கத்தில் 'வேவ்', அதாவது விதவை. பணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், தன் சொந்தப் பணத்திலிருந்து என்று அர்த்தம் தரும் சொற்கள். கடைசியில், கையெழுத்திடத் தெரியாது என்று அவர் அறிவித்ததாக நொத்தேர் எழுதியிருந்தார்.

அந்த அம்மாள் தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில், தனியாக நின்று ஒரு வீடு வாங்கியிருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வீட்டில் பிறந்து, கல்யாணம் செய்து, செத்தும் போயிருக்கிறார்கள். வாங்கியது யார் என்று எழுதிய காகிதம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. படிக்க ஆள் இல்லை. பெருமை முழுவதும் கொள்ளுத்தாத்தாவுக்குப் போய்விட்டது.

"மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் ஒரு நாளில் முடித்துத் தருவாரே" என்று என் மகன் சொன்னான். கோர்ட் விவகாரம் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும், முறையான மொழிபெயர்ப்பு அவசியம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஒரு மூலையில் 'விதவை' என்று இருந்திருந்தால், சொத்து விவரத்தை மட்டும் பார்த்துவிட்டு நான் தாண்டிப் போயிருப்பேன். ஒரு சொல்லுக்கு அகராதியைப் புரட்டி ஐந்து நிமிடம் செலவழித்ததால்தான் அது என் மனதில் உட்கார்ந்தது.

இன்னொரு கேள்வியும் வரும். ஆண்டவன் மொழியை, அதாவது நம்மை ஆண்டவன் மொழியை, இப்போது ஏன் தலையில் தூக்கி வைக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். நான் தூக்கி வைக்கவில்லை. மொழி தெரியாததால் நம் முன்னோர் நொத்தேர் முன் வாய் மூடி நின்றார்கள். அவர்களைப் பற்றி அங்கே என்ன எழுதப்பட்டது என்று பேரப் பிள்ளைகள் படிப்பதில் அடிமைத்தனம் ஒன்றும் இல்லை. கணக்குச் சரிபார்ப்பது போலத்தான் அது.

ஆகவே படிப்பைப் பாதியில் விட்ட நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்வம் திரும்பி வரட்டும், பிறகு உட்காரலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தானாக வராது. உங்கள் வீட்டுக்கோ தெருவுக்கோ சம்பந்தமுள்ள ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதம் படிப்பவர் உள்ளூர்க் கோயிலில் உள்ள கிரந்தக் கல்வெட்டை எடுக்கலாம். இந்தி படிப்பவர் இளமையில் அர்த்தம் தெரியாமல் பாடிய சினிமாப் பாட்டை எடுக்கலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு பீரோ இருக்கிறது. பத்திரம் இல்லாத வீடானால் பழைய பிறப்புப் பதிவு போதும்.

அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினம் இருபது நிமிடம், காபி குடித்த கையோடு. வாய்விட்டுப் படியுங்கள், பிரெஞ்சில் கடைசி எழுத்துகள் பல ஊமை, கண்ணால் மட்டும் படித்தால் காது பழகாது. காதுக்கு ரேடியோ பிரான்ஸ் இண்டர்நேஷனல் வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி இருக்கிறது, பத்து நிமிடம்தான். பரீட்சை எழுத விருப்பம் இருந்தால் எழுதுங்கள், சான்றிதழ் இல்லை என்று யாரும் நம் பென்ஷனை நிறுத்தப்போவதில்லை. முக்கியமாக, கூட உட்கார ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்களைவிட மூத்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

நான் இப்போது அடுத்த கட்டில் இருக்கிறேன். எங்கள் தெருவில் மூன்று வீட்டார் தங்கள் காகிதங்களையும் படித்துச் சொல்லச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். மெதுவாகத்தான் போகிறது. ஒரு வீட்டுப் பத்திரத்தில் மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். ஆனால் காலையில் எழுந்ததும் அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்ற நினைப்பு முதலில் வருகிறது. படிக்க இதைவிட வேறு என்ன தூண்டுதல் வேண்டும்?