கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்

மதுரைப் பக்கம் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். வீட்டுக்கு சோலார் போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது மானியம். அடுத்து, “இனிமேல் கரண்ட் போனாலும் கவலையில்லையே?” என்பார்கள். கவலை உண்டு. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கும் சோலார், கரண்ட் போன இரண்டு நொடிக்குள் தானும் நின்றுவிடும். மண்டையைப் பிளக்கும் வெயில் அடித்தாலும் ஃபேன் சுற்றாது. விற்க வருகிறவர்களில் பலர் இதை வாய் திறந்து சொல்வதில்லை. பணம் கட்டிய பிறகு, முதல் மின்தடையன்றுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிகிறது. இது அநியாயம்.

அப்படி நிற்பது கோளாறு அல்ல. நின்றே ஆக வேண்டும். என் அப்பா லைன்மேன். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பிகளில் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் லைனில் கை வைப்பார். அவர் பயந்ததெல்லாம் கல்யாண மண்டப ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரும் சப்ளைக்குத்தான். வீட்டுப் பக்கத்துச் சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறினால், மேலே 11,000 வோல்ட் லைனுக்கு உயிர் வந்துவிடும். இன்று தெருவுக்குத் தெரு மொட்டை மாடியில் சோலார் இருக்கிறது. அவை தாமாக நிற்காவிட்டால், கம்பத்தில் இருக்கும் மனிதருக்கு என்ன ஆகும்? “கரண்ட் இல்லாதபோதும் ஓடுகிற மாதிரி மாற்றித் தருகிறேன்” என்று யாராவது வயரைப் பிரித்தால், தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

மின்தடையிலும் சோலார் ஓட வேண்டுமானால் பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு நன்றாகவே கூடும். எப்போதாவது ஒரு மணி நேரம் கரண்ட் போகிற ஊரில் இதற்கு அவசியமே இல்லை என்பேன். வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியே லைட்டுக்கும் ஃபேனுக்கும் போதும்.

எத்தனை கிலோவாட் என்பதை மாடியின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; கரண்ட் பில்லைப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அப்படியிருக்க, 250 யூனிட் செலவாகும் வீட்டுக்கு 3 கிலோவாட் எதற்கு? 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய் என்று காட்டித் தலையில் கட்டுகிறார்கள். ஒன்றுக்கு 30,000, இரண்டுக்கு 60,000 உண்டே! ஏசி ஓடி 700 யூனிட்டைத் தொடும் வீட்டுக்குத்தான் மூன்று பொருந்தும். மானியமும் இணைப்பு கொடுத்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். பேனல் வைப்பதற்கு முன், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று காலையிலும் மாலையிலும் மாடியேறிப் பார்த்துவிடுங்கள்.

இணைப்பு கொடுக்கும் நாளில், பகலில், உங்கள் கண் முன்னால் மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள். சோலார் இன்வெர்ட்டர் உடனே நிற்க வேண்டும். மெயினைப் போட்டதும், சற்று நேரம் காத்திருந்து அதுவாகவே மறுபடி ஓட வேண்டும். அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.