காய்ச்சல் தானா இறங்கினா மாத்திரைக்கு எதுக்குப் பேரு? கார்பன் கிரெடிட் பற்றி ஒரு டாக்டரின் கேள்வி

1. சளிக்காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடலைன்னா ஒரு வாரம்னு கேலியா சொல்லுவாங்க. உடம்பு சரியாச்சு, ஆனா மருந்தாலதான் சரியாச்சா? நாங்க தினமும் கேட்டுக்க வேண்டிய கேள்வி இது. கார்பன் கிரெடிட் திட்டத்தோட உயிரும் இதே கேள்வியிலதான் இருக்கு.

2. முதல்ல அடிப்படை. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு காற்றுல கலக்காம தடுத்தாலோ, காற்றுல இருக்கறதை மரத்துல சேமிச்சாலோ ஒரு கிரெடிட். அதை ஒரு ஆலை காசு கொடுத்து வாங்கி, தான் வெளியிட்ட ஒரு டன்னைக் கணக்குல கழிச்சுக்கலாம். இதுக்குப் பேர்தான் ஆஃப்செட்.

3. அரசே நாடு முழுக்க இதை நடத்தினா எப்படி இருக்கும்னு பார்க்க ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். 2011ல சட்டம் வந்தது. கிளீன் எனர்ஜி ரெகுலேட்டர்ங்கிற அரசு அமைப்பு கிரெடிட் வழங்குது. குப்பைக்கிடங்கு மீத்தேனைப் பிடிச்சு எரிக்கலாம், காடு வளர்க்கலாம். வடக்குப் பகுதியில மழைக்காலம் முடிஞ்சதுமே பழங்குடி மக்கள் சின்னச் சின்னதா தீ வச்சு, பின்னாடி வரக்கூடிய பெருந்தீயைத் தடுக்கிறாங்க. அதுக்கும் கிரெடிட் உண்டு.

4. யார் வாங்குவாங்க? ஆரம்பத்துல பெரும்பாலும் அரசு. இப்போ, வருஷத்துக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல வெளியிடற சுரங்கங்களும் ஆலைகளும். 2023 ஜூலையிலிருந்து அவங்களுக்கான வரம்பு பொதுவா வருஷத்துக்கு 4.9% குறையுது. வரம்பைத் தாண்டினா கிரெடிட் வாங்கி ஈடுகட்டலாம்.

5. சிக்கல் எங்கேன்னா, திட்டம் இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஒரு கணக்கு போடணும். அதுக்கும் நிஜமா நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் கிரெடிட். நடக்காத ஒண்ணை யாரும் அளக்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும். அந்த மதிப்பீடு தப்பானா மேல கட்டின எல்லாமே தப்பு.

6. உதாரணம்: மரம் வெட்ட அனுமதி வச்சிருந்தவர் "வெட்ட மாட்டேன்"னு ஒத்துக்கிட்டா கிரெடிட் கொடுத்தாங்க. வெட்டற எண்ணமே இல்லாதவரும் வாங்கலாமே! நோயே இல்லாதவருக்குக் "குணமாயிட்டார்"னு சர்டிஃபிகேட் கொடுத்த மாதிரி.

7. இன்னொண்ணு: வறண்ட மேய்ச்சல் நிலத்துல ஆடுமாடுகளைக் கட்டுப்படுத்தி, காடு தானா வளர விடறது. ஆனா அந்த மாதிரி நிலத்துல மரம் கூடறதும் குறையறதும் பெரும்பாலும் மழை கையில இருக்கு. மழை பெஞ்சு வளர்ந்ததுக்கு மேய்ச்சல் கட்டுப்பாட்டுக்குப் பேர் போயிடும். காய்ச்சல் தானா இறங்கின கதைதான்.

8. திட்டத்தோட நம்பகத்தன்மையைக் கண்காணிச்ச குழுவுக்கே தலைவரா இருந்த சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரூ மெக்கின்டாஷ், 2022ல இதை வெளிப்படையா கடுமையா விமர்சிச்சார். அரசு இயன் சப் தலைமையில ஆய்வுக்குழு போட்டது. கட்டமைப்பு அடிப்படையில சரிதான்னு சொன்ன குழு, "வெட்ட மாட்டேன்" வகையில புதுத் திட்டங்களை நிறுத்தச் சொன்னது. விதி தயாரிக்க உதவறது, கிரெடிட் வழங்கறது, அரசுக்காக வாங்கறது எல்லாமே ஒரே அமைப்புகிட்ட இருக்கக் கூடாது, தகவல்களைத் திறந்து வைக்கணும்னும் சொன்னது.

9. மெக்கின்டாஷ் குழு 2024ல வெளியிட்ட ஆய்வுல, தானா வளரும் காடு வகையில 182 திட்டங்களைப் பார்த்தாங்க. பெரும்பாலானவற்றுல மரப்பரப்பு பெருசா கூடலை, இல்லைன்னா குறைஞ்சிருந்தது. ரெகுலேட்டர் இதை ஏத்துக்கலை.

10. "போனா போகுது, கொஞ்சம் மரமாவது இருக்குமே"ன்னு நினைக்காதீங்க. போலி கிரெடிட்டால வர்றது நிகர நஷ்டம். அதைக் காட்டித்தான் ஒரு சுரங்கம் நிஜமான ஒரு டன்னை வெளியிடுது. போலி சுகர் மாத்திரையை நம்பி லட்டு சாப்பிடற கதை.

11. இது நமக்கு எதுக்கு? இந்தியாவோட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் 2023 ஜூன்ல அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பர்லயே ஆஃப்செட் பகுதியும் சேர்ந்தது. குப்பைக்கிடங்கு மீத்தேன், அலையாத்திக் காடு வளர்ப்பு எல்லாம் பட்டியல்ல இருக்கு. நம்ம ஊர் குப்பைமேடும் கடற்கரையும் நாளைக்கு இந்தச் சந்தைக்கு வரலாம்.

12. திட்டமே வேண்டாம்னு நான் சொல்லலை. மருந்துக்குக் கேட்கற அதே கறாரை இதுக்கும் கேளுங்கன்னுதான் சொல்றேன். ஒவ்வொரு திட்டத்தோட வரைபடமும் கணக்கும் பொதுவெளியில இருக்கணும். விதி போடறவர், கிரெடிட் கொடுக்கறவர், சரிபார்க்கறவர் வேற வேறயா இருக்கணும். பக்கத்துல திட்டம் இல்லாத நிலத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும். ஆலைகள் முதல்ல தன் புகையைக் குறைக்கணும், மிச்சத்துக்குத்தான் கிரெடிட்.

13. தயாரிச்ச கம்பெனியே "நல்லா வேலை செய்யுது"ன்னு சொன்னா எந்த மருந்தையும் நாம நம்பறதில்லை. உங்க ஊர்ல கார்பன் கிரெடிட் பேரைச் சொல்லி யாராவது வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க வரலைன்னா இங்க என்ன நடந்திருக்கும்?" பதில் சொல்ல முடியலைன்னா கையெழுத்துப் போடாதீங்க.