‘வீடு பூட்டியிருந்தது’

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

போன மாசம் நைட் டூட்டி. திருத்தங்கல்ல இருந்து 60 வயசு தாண்டின ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. வலது கை, கால் விழுந்திருச்சு, பேச்சு வரலை. பி.பி. 210/120.

“மாத்திரை போடலையா?”

“வீட்டுக்கே வந்து கொடுப்பாங்க சார். ரெண்டு மாசமா யாரும் வரலை” என்றார் மகள்.

விசாரிச்சா, ரெண்டு மாசமும் வந்திருக்காங்க. ரெண்டு முறையும் நோட்டில் ‘வீடு பூட்டியிருந்தது’. மகள் காலைல ஏழு மணிக்கே பட்டாசு ஆலை வேன் ஏறிடுவாங்க. அம்மா நாலு வீடு தள்ளி, பேச்சுத்துணைக்கு ஒரு திண்ணையில உக்காந்து தீப்பெட்டி ஒட்டிட்டு இருந்திருக்காங்க. யாரும் பொய் சொல்லலை. மாத்திரை மட்டும் போய்ச் சேரலை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரை, பிசியோதெரபி, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு நோய்த்தணிப்பு சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வருது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரை கொண்டு வர்றவங்க பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வாங்குறது ஊக்கத்தொகை. அவங்களைத் திட்ட இதை எழுதலை.

என் வருத்தம் அந்த நோட்டு மேலதான். ‘வீடு பூட்டியிருந்தது’ன்னு எழுதினதும் விஷயம் முடிஞ்சிடுது. உண்மையில அங்கதான் வேலையே ஆரம்பிக்கணும்.

வெடிமருந்து வேலை பகல்லதான் நடக்கும். அதனால எங்க ஊர்ல பகல் 11 மணிக்குப் பாதித் தெரு பூட்டித்தான் இருக்கும். தீபாவளி முடிஞ்சு பல ஆலைகள் மூடியிருக்கும்போது வந்து பாருங்க, எல்லாக் கதவும் திறந்திருக்கும்! இந்த ஊருக்கு வாரத்தில் ஒரு சாயங்காலமோ ஞாயிறோ வேணும். அதுக்குத் தனியா காசும் கொடுக்கணும். அவங்களுக்கும் வீட்ல அடுப்பு இருக்கு, பிள்ளைங்க இருக்காங்க.

இன்னொண்ணு, தவறிப்போற எல்லா விசிட்டும் ஒண்ணு இல்லை. கையில நாலு நாள் மாத்திரை மிச்சம் இருந்தா ரெண்டு நாள் தாமதம் பரவாயில்லை. ஆனா சிறுநீர்க்குழாய் போட்டவருக்கு அது அடைச்சுக்கிட்டா அன்னைக்கே யாராவது போகணும். தீக்காயம் பட்ட கைக்குப் பயிற்சி விட்டுப்போனா, ஆறுற தழும்பு இழுத்து விரல் மடங்கிடும். அப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போகும். சிவகாசிப் பக்கம் வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் அப்படி ஒரு கையைப் பற்றிச் சொல்வார்.

அதனால யாருக்கு விசிட் தவறவே கூடாதுன்னு முதல்லயே பெயரைக் குறிச்சு வைக்கணும். தவறினா அன்னைக்கே போன், ரெண்டு நாளைக்குள்ள மறு விசிட். மாசக் கூட்டத்தில் ‘எத்தனை வீடு போனீங்க’ன்னு மட்டும் கேட்டா, பூட்டின வீடும் கணக்கில் வந்துடும். ‘எத்தனை பேர் கையில மாத்திரை சேர்ந்தது’ன்னு கேளுங்க.

அந்த அம்மா இப்போ பிடிச்சுக்கிட்டு நாலு அடி நடக்கிறாங்க. பேச்சு இன்னும் திரும்பலை.

உங்க வீட்டுக்கு மாத்திரை வருதா? நீங்க எத்தனை மணிக்கு இருப்பீங்க, இல்லைன்னா எந்தப் பக்கத்து வீட்ல கொடுக்கணும், ரெண்டாவதா ஒரு போன் நம்பர், மூணையும் அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. வரலைன்னா காத்திருக்காம 104க்குப் போன் பண்ணுங்க, இல்லை நேரா ஆரம்ப சுகாதார நிலையம் போய் வாங்கிக்கோங்க. முகம் கோணுறது, கை தொங்குறது, பேச்சு குழறுறது, இதுல எது வந்தாலும் உடனே 108.